இரண்டாம் வாய்ப்பு: தருமமா, கடனா?

பள்ளியைப் பாதியில் விட்ட இளைஞர்க்குக் கல்வியும் கைத்தொழிலும் கற்பிக்கும் நிலையங்கள் நம் நாட்டில் சில உள. ரவாங்கிற்கு வடக்கே கலும்பாங்கில் வளாகம் கொண்டுள்ள மைஸ்கில்ஸ் அறவாரியம் அவற்றுள் ஒன்று, 2011-இல் தொடங்கப்பெற்றது. இத்தகைய இடங்களில் ஊதியமின்றி உழைப்போரை நாம் தருமவான்கள் என்று புகழ்கின்றோம். அப்புகழ்ச்சி பொருந்துமா என்பதே என் வினா.

இரண்டாம் வாய்ப்பு என்கின்றோமே, முதல் வாய்ப்பு எங்கே கொடுக்கப்பட்டது? 1923-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரேனும் உள்ள தோட்டத்தில் பள்ளி வேண்டுமென்றது. ஆயினும், பால்மரத்துப் பிள்ளைக்கு எழுத்தறிவு போதும் என்பதே அக்காலத்தார் எண்ணம். பின்னர்த் தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. குடும்பங்கள் நகரோரத்திற்குப் பெயர்ந்தன. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளை, மலாய்மொழி இடைநிலைப் பள்ளிக்குத் தாவ வேண்டியிருக்கின்றது. அத்தாவலில் விழுந்தவனையே நாம் ‘உருப்படாதவன்’ என்கின்றோம்.

‘பள்ளி இருந்தது, அவன் படிக்கவில்லை, குற்றம் அவனுடையதே’ என்பர் சிலர். முன்னோர் தலைவிதி என்றனர். விதியை ஒழித்துவிட்டதாகப் பெருமை பேசும் நாமோ, ‘அவன் புத்தி அவ்வளவுதான்’ என்கின்றோம். சொல் மாறிற்றேயன்றிப் பொருள் மாறவில்லை. தன் பிழைக்கு அவனும் பொறுப்பாளி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், அதே பிழையை வசதியுள்ள வீட்டுப் பிள்ளை செய்தால், தனிவகுப்பு, வேறு பள்ளி, இன்னுமோர் ஆண்டு என்று மூன்றாம், நான்காம் வாய்ப்புகளும் ஓசையின்றிக் கிடைக்கின்றன. அவற்றை எவரும் தருமம் என்பதில்லை!

தருமத்திற்கும் கடனுக்கும் உள்ள வேற்றுமை யாது? தருமம் கொடுப்பவன் மனம் போனபோது கொடுப்பது. கடனுக்குத் தவணை உண்டு. இதனை நான் ஒரு பையனிடமே கற்றேன்.

தோட்டத்தில் நான் கிராணி. விடியற்காலைப் பெரட்டில் வராதவனுக்கு அன்றைய பேர் இல்லையென்று குறிப்பது என் தொழில். ஓர் ஆண்டு, ஞாயிறுதோறும் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு மாலை வகுப்பிற்குப் போனேன். மூன்று வாரம் போனேன். நான்காம் வாரம் ஒரு விருந்தை முன்னிட்டுப் போகவில்லை. அடுத்த வாரம் சென்றபோது ஒருவன் புத்தகமே கொண்டுவரவில்லை. காரணம் கேட்டேன். “இனிமே வரமாட்டீங்கன்னு நெனச்சேன், சார்,” என்றான். அவன் குரலில் கோபமில்லை, பழக்கமே இருந்தது. பிறருக்குப் பேர் வெட்டிய எனக்கு அன்று பேர் வெட்டியவர் எவருமில்லை. ஏனெனில், நான் தருமவான்!

பலராலும் கைவிடப்பட்டவனுக்கு நாம் கற்பிக்கும் முதற்பாடம் கணக்கன்று. நாம் மறுபடியும் வருவோம் என்பதே. இரக்கம் ஒரு விருந்திற்கே விலகி நிற்கும்; கடனென்று உணர்ந்தவனோ தவணை தவறான். ஆதலின் அன்பர்களே, இப்பணிக்குப் போகுமுன் நம் இரக்கத்தை அளக்க வேண்டாம், நாட்குறிப்பைப் பார்ப்போம். அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் நாம் அங்கிருப்போமா?