சாகத் தெரிந்த செடிகள்

டெல்பினியம், ஓரியண்டல் பாப்பி, எக்கினேசியா: குளிர்நாடுகளில் பாதையோரப் பூப்பாத்தியை நிரப்பும் இவையெல்லாம் பல்லாண்டுச் செடிகள். தை பிறந்தால் இலை காய்ந்து கிழங்குக்குள் ஒடுங்கும் மஞ்சளைப் போல, தரைக்கு மேல் கருகிப்போய் வேரில் உயிரை வைத்திருப்பவை. பூ சில வாரம்தான். அப்படியென்றால் செடியைத் தேர்ந்தெடுப்பவர் பூவைப் பார்ப்பதா, வாடலையும் சேர்த்துப் பார்ப்பதா?

இங்கிலாந்தின் கெர்ட்ரூட் ஜீகிலுக்கு (1843–1932) இதில் சந்தேகமே இருக்கவில்லை. ஓவியம் பயின்றவர்; பார்வை மங்கிய பிறகு தோட்டக்கலையில் முழுதாக இறங்கினார். சர்ரேயில் மன்ஸ்டெட் வுட் வீட்டில் அவர் அமைத்த பாத்தி ஏறத்தாழ 200 அடி நீளம். இரு முனைகளிலும் சாம்பல் இலைகளும் குளிர்ந்த நிறங்களும். நடுவில் செம்மையும் ஆரஞ்சும் கொழுந்துவிட்டு எரியும். அந்த ஓவியத்தில் கிழிசல் தெரியக்கூடாது. பாப்பி பூத்து ஓய்ந்தால் பக்கத்தில் நட்ட ஜிப்சோபில்லா படர்ந்து அந்த இடத்தை மூடிவிடும். டெல்பினியத்தின் காய்ந்த தண்டுகள் மேல் கொடிகளை ஏற்றிவிட்டார். அப்படியும் ஓட்டை விழுந்தால், பூத்த தொட்டியைக் கொண்டுவந்து இறக்குவார்.

சாவை மறைக்கும் கலை என்றுதான் சொல்ல வேண்டும்.

நெதர்லாந்தின் தோட்ட வடிவமைப்பாளர் பீட் அவுடோல்ஃப் (பிறப்பு 1944) இதை அப்படியே புரட்டிப்போட்டார். செடி எப்படிப் பூக்கிறது என்பதோடு, பூ உதிர்ந்தபின் எப்படி நிற்கிறது என்பதும் அவருக்கு முக்கியம். எக்கினேசியாவின் கறுத்த முள்தலை, எரிஞ்சியத்தின் நட்சத்திரக் கூடு, பழுப்பேறிய புற்கள் எல்லாம் குளிர்காலம் முழுக்க வெட்டப்படாமல் நிற்கும். சிகாகோவின் லூரி தோட்டத்திலும், நியூயார்க்கில் கைவிடப்பட்ட சரக்கு ரயில் பாலத்தின்மேல் 2009இல் திறந்த ஹை லைன் பூங்காவிலும் இதைக் காணலாம். நிலையாமையைப் போதிக்கும் தோட்டங்கள் என்று ரசிகர்கள் உருகுகிறார்கள்.

உருகட்டும். ஆனால் முதல் உறைபனிக்கே கூழாகிச் சரியும் ஹோஸ்டாவுக்கு இந்தத் தத்துவத்தில் எவ்வளவு இடம்? அழகாகச் சாகிறவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு, சாவை ஏற்றுக்கொண்டதாகச் சொல்வது கொஞ்சம் மலிவான ஞானம். அழுகலும் நாற்றமும் இல்லாத மரணத்தை யார்தான் வேண்டாம் என்பார்கள்! ஜீகில் மூடி மறைத்ததை அவுடோல்ஃப் வாசலிலேயே வடிகட்டிவிடுகிறார்.

ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு, சின்னதும் அல்ல. காய்ந்த எக்கினேசியாத் தலைகளில் கோல்ட்ஃபிஞ்ச் குருவிகள் விதை கொத்துகின்றன. உள்ளீடற்ற தண்டுகளுக்குள் பூச்சிகள் குளிரைக் கழிக்கின்றன. பார்ப்பவரின் ரசனை எப்படியிருந்தாலும் இவற்றுக்குக் கவலையில்லை. மூடி மறைத்த பாத்தியில் செத்த செடி மனிதக் கண்ணுக்கு ஒரு இடைஞ்சல். இங்கே அது இன்னும் யாருக்கோ சோறு போடுகிறது. அவுடோல்ஃபின் தேர்வை நியாயப்படுத்த நிலையாமையைவிட இந்தக் குருவிகளே வலுவான சாட்சி.

இந்தச் சலுகைக்கும் கெடு உண்டு. குளிர் முடியும் தறுவாயில் ஹை லைனில் பணியாளர்களும் தன்னார்வலர்களும் கத்தரியோடு இறங்கி, நின்ற தண்டுகளையெல்லாம் வெட்டிச் சாய்க்கிறார்கள். வெட்டாவிட்டால் அடியில் முளைக்கும் குரோக்கஸுக்கு வெளிச்சம் கிடைக்காது.