பொருந்துகிற பாகத்தை எடு, தம்பி!

சுந்தரபாண்டியபுரத்துத் தம்பி, உன்னிடம்தான் பேசுகிறேன். ஊரைச் சுற்றிச் சூரியகாந்தி பூத்துவிட்டால் வெளியூர்க் கார்கள் வரப்போரம் வரிசையாக வந்து நிற்கும். 1992-ல் வெளியான ‘ரோஜா’ காலத்திலிருந்து உன் ஊருக்குப் படம் பிடிக்க வருகிறவர்கள் ஓயவில்லை. எல்லோரும் பூவைப் பார்க்கிறார்கள். நீயோ அந்தக் கார்களின் பானட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிறாய். உன் கொட்டகையில் ஒரு பழைய பிரீமியர் பத்மினி எஞ்சின் இருக்கிறது. அதைப் பந்தயத்துக்கு ஏற்றபடி எழுப்ப வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு தீ. ஆனால் வாயைத் திறந்தால், “இதற்கெல்லாம் வெளிநாட்டுப் பாகம் வேண்டும், பணம் வேண்டும், பெரிய ஊரில் பிறந்திருக்க வேண்டும்” என்கிறாய். இந்தப் புலம்பலை இன்றோடு விடு!

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அந்தக் கான்கிரீட்டின்மேல்தான் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. அப்போது நம் நாட்டுப் பந்தயக்காரர்கள் கையில் என்ன இருந்தது? அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சின், பியட்டின் 1089 சிசி எஞ்சின், சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் 948 சிசி எஞ்சின். டாக்சிக்கும் டாக்டர் வீட்டுக்கும் ஓடிய எஞ்சின்கள்! இறக்குமதிக் கதவு இறுகச் சாத்தியிருந்த காலம் அது. அந்த மனிதர்கள் கதவைப் பார்த்து அழுதுகொண்டு நிற்கவில்லை. இருக்கிற எஞ்சினைப் பிரித்தார்கள். எதைத் தேய்ப்பது, எதை மாற்றுவது, எதைத் தொடவே கூடாது என்று கண்டுபிடித்தார்கள்.

கோயம்புத்தூர் கரிவர்தனைப் பார். லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. “அவருக்கென்ன குறை?” என்று கேட்பாய். கேள், தவறில்லை. ஆனால் 1980-களின் இறுதியில் அந்த வசதிக்காரர் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை வடிவமைத்தபோது எந்த எஞ்சினை எடுத்தார்? மாருதி 800-ன் மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சினை! தெருவுக்குத் தெரு கிடைக்கிற எஞ்சின், எந்த ஒர்க்ஷாப்பிலும் உதிரிப் பாகம் கிடைக்கிற எஞ்சின். அதை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தி ‘பார்முலா மாருதி’யைப் படைத்தார். அந்தக் காரில் பழகியவர்களில் ஒருவர்தான் நரேன் கார்த்திகேயன். 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் அவர். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். கோவையை அடுத்த செட்டிபாளையத்துப் பந்தயத் தளம் இன்றும் அவர் பெயரோடு நிற்கிறது. பணம் அவரிடம் இருந்தது, உண்மைதான். ஆனால் அந்தச் சின்ன எஞ்சினைத் தேர்ந்தெடுத்தது பணமல்ல, அவருடைய தெளிவு. அந்தத் தெளிவு உனக்கு வராமல் யார் தடுத்தது?

தெளிவு என்றால் என்ன? உன் பத்மினி எஞ்சினையே எடுத்துக்கொள்வோம்.

சிலிண்டர் போர் 68 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 75. கிராங்க் ஷாஃப்டைத் தாங்க மூன்றே மெயின் பேரிங். இதில் நீ முதலில் வாங்க நினைப்பது எதை? ரெட்டைக் கார்புரேட்டரை! ஏனென்றால் அது பார்வைக்கு மிடுக்கு. நில். முதல் கேள்வி கார்புரேட்டர் அல்ல. இந்த எஞ்சினை எத்தனை ஆர்பிஎம் வரை சுற்ற விடப்போகிறாய் என்பதுதான். 5000-லிருந்து 7000-க்கு ஏற்றினால் சுழலும் வேகம் 40 சதவீதம்தான் கூடும். ஆனால் பிஸ்டனின் இழுவை கனெக்டிங் ராடின்மேல் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். அந்த இழுவை, வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. பழைய ராடும் பழைய போல்ட்டும் அதைத் தாங்காவிட்டால் நீ ஆசையாய் வாங்கிய கார்புரேட்டர் உடைந்த பிளாக்கின்மேல்தான் உட்கார்ந்திருக்கும். ஆகவே ராடு, ராடு போல்ட், பேரிங், கிராங்க் பேலன்ஸ் இவற்றில்தான் முதல் ரூபாயைப் போடு. யாரும் பார்த்துப் பாராட்டாத இடம் அது. பாராட்டு இல்லாத இடத்தில் காசு போடத் தனித் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் உனக்கு இருக்கிறதா?

அடுத்தது கேம் ஷாஃப்ட். வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம், மேல் வேகத்தில் சீறும், கீழ் வேகத்தில் திணறும். சோழவரத்து நீண்ட நேர்கோட்டுக்குச் சரிப்பட்டது, 2.1 கிலோமீட்டரில் வளைவுக்கு மேல் வளைவு வருகிற செட்டிபாளையத்துக்குச் சரிப்படாது. ஜெயித்தவன் போட்ட கேமைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதே. அவன் ஓடிய தளம் வேறு. கேம் மாறினால் வால்வு ஸ்பிரிங்கும் அதற்கேற்ப மாறவேண்டும். ஸ்பிரிங் தளர்ந்தால் வால்வு மிதக்கும், பிஸ்டனில் இடிக்கும், அத்தோடு கதை முடிந்தது.

கம்ப்ரஷனுக்கு வா. ஒரு சிலிண்டர் 272 சிசி. எட்டுக்கு ஒன்று என்ற விகிதத்துக்கு பிஸ்டனுக்கு மேலே சுமார் 39 சிசி இடம் வேண்டும். ஒன்பதுக்கு ஒன்று என்றால் 34. வித்தியாசம் வெறும் 5 சிசி, ஒரு தேக்கரண்டி! அந்தத் தேக்கரண்டியைக் கண்மதிப்பில் ‘கொஞ்சம் சீவிவிடு அண்ணாச்சி’ என்று லேத் பட்டறையில் சொல்லிவிட்டு வரலாமா? ஹெட்டின்மேல் கண்ணாடித் தகடு வைத்து, சிரிஞ்சால் மண்ணெண்ணெய் ஊற்றி, நான்கு அறைகளையும் அளந்து எழுது. பேக்கிங்கின் கனத்தையும் பிஸ்டன் தலையின் வடிவத்தையும் கணக்கில் சேர். இதற்கு இத்தாலியிலிருந்து எதுவும் வர வேண்டாம். பொறுமையான விரல்கள் போதும், அவை உன்னிடம் இருக்கின்றன.

உனக்கென்றே இன்னொரு எச்சரிக்கை. குற்றாலச் சாரல் காற்று குளிர்ந்து கனத்தது. அதில் நீ சரிபார்த்த கார்புரேட்டர் ஜெட், சென்னை வெயிலின் லேசான காற்றில் பெட்ரோலை அதிகமாக ஊற்றும். இங்கே சத்தமில்லாமல் ஓடிய கம்ப்ரஷன் அங்கே நாக் அடித்து பிஸ்டனைத் துளைக்கலாம். ஆகவே கைவசம் சில ஜெட்டுகளை வைத்துக்கொள், இக்னிஷன் டைமிங்கைச் சற்றே பின்னுக்கு வைக்கத் தயாராகப் போ. சைலன்சர் குழாயின் நீளம், கார்புரேட்டரின் வாய் அகலம் எல்லாம் இதற்குப் பிறகுதான். வாய் தேவைக்கு மேல் அகன்றால் காற்றின் வேகம் விழும், பெட்ரோல் சரியாகக் கலக்காது, வளைவிலிருந்து வெளியே வரும்போது எஞ்சின் விக்கும்.

பார்த்தாயா? பெரியது, விலையுயர்ந்தது, வெளிநாட்டது என்ற மூன்று சொற்களும் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. நீ ஐடிஐ படித்திருக்கலாம், பள்ளியைப் பாதியில் விட்டிருக்கலாம், உன் தங்கையைப் பெண் என்று சொல்லி ஸ்பேனரைத் தொடவிடாமல் தடுத்திருக்கலாம். உலோகம் உன் சாதியையும் ஊரையும் சான்றிதழையும் கேட்பதில்லை. அளவு சரியா என்று மட்டும்தான் கேட்கிறது!

சீசன் கூட்டம் நெரியும் தென்காசி–குற்றாலம் சாலையில் உன் வேகத்தைக் காட்டாதே. அங்கே குழந்தைகள் குறுக்கே ஓடுகிறார்கள். வேகத்துக்கு இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தளம் இருக்கிறது, செட்டிபாளையம் இருக்கிறது. உரிமம் வாங்கி, ஹெல்மெட் மாட்டி, உன் எஞ்சினோடு அங்கே போ.

நாளைக் காலை கொட்டகையைத் திற. ஹெட்டைக் கழற்று. ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் நான்கு அறைகளின் சிசியை எழுது.