கூலியில்லாத உழைப்பு

கூலி வாங்காமல் செய்யப்படுகிற வேலைக்கு எம்மிடம் நல்ல பெயர்கள் பல உண்டு. தொண்டு, சேவை, சிரமதானம். இந்தப் பெயர்களில் எனக்கிருந்த நம்பிக்கை குறைந்து வருகிறது. அதற்கு நான் வாழும் சுகர் லேண்டும் ஒரு காரணம்.

இங்கிருந்து இரண்டரை மணிநேரக் கார் ஓட்டத்தில் ஒஸ்ரின் நகர். அங்குள்ள 786ஆம் இலக்க நீராவி இயந்திரம் 1916இல் கட்டப்பட்டது. 1956இல் நகரசபைக்குக் கொடுக்கப்பட்டு, பூங்காவொன்றில் வெயிலிலும் மழையிலும் நின்றது. 1989இல் தொண்டர்கள் சிலர் சங்கம் அமைத்து அதை மீட்டார்கள். 1992இலிருந்து உல்லாசப் பயணிகளை இழுத்தோடியது. 1999இல் சிலிண்டர் வார்ப்பில் வெடிப்புகள் தெரியவர நிறுத்தப்பட்டது. ஓடியது ஏழு வருடம். பழுதுபார்ப்பு இருபது வருடத்தைத் தாண்டிவிட்டது. அந்த இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் கிடையாது. தேவையானதைத் தாங்களே வார்த்து, கடைந்து கொள்ளவேண்டும். சனிக்கிழமைகளில் கிறீசில் கைவிட்டு மனிதர்கள் இதற்காக முதுமையடைவது பைத்தியக்காரத்தனமா? நான் அப்படி நினைக்கவில்லை.

இந்த வேலையில் எனக்குப் பிடித்த விடயம் ஒன்று உண்டு. 1995இல் பென்சில்வேனியாவின் கெற்றிஸ்பேர்க் பகுதியில் ஓர் உல்லாச ரயிலின் கொதிகலனில் நீர்மட்டம் இறங்கி, அடுப்பின் மேற்தகடு சூடேறிக் கிழிந்தது. மூன்று பணியாளர்கள் வெந்துபோனார்கள். பின்னர் விதிகள் திருத்தப்பட்டன. 1472 சேவை நாட்கள் அல்லது 15 வருடங்கள், எது முந்தியதோ, அப்போது கொதிகலனை முற்றாகத் திறந்து சோதிக்கவேண்டும். சம்பளக்காரன் செய்தாலும் தொண்டன் செய்தாலும் விதி ஒன்றுதான். 'சும்மா செய்து தருகிறோம், குறை சொல்லாதேயும்' என்கிற எங்கள் சங்கத்து நியாயம் கொதிகலனிடம் எடுபடாது.

ஆனால் ரெக்சாஸில் இன்னொரு புகையிரதப் பாதையும் இருக்கிறது. ரஸ்க் ஊரிலிருந்து பாலஸ்ரைன் வரை 25 மைல். சிறையின் இரும்பு உலைக்காகக் கைதிகள் போட்ட பாதை அது. அதைப் பாரம்பரிய ரயிலாக்க அரசு முடிவெடுத்தபோது, 1970களில் திருத்தவேலைக்கும் கைதிகளையே இறக்கினார்கள். 1976இலிருந்து குடும்பங்கள் அதில் குழந்தைகளோடு போய்வருகின்றன. விசில் சத்தத்தில் வித்தியாசம் எதுவும் தெரியாது.

சுகர் லேண்டின் சீனியும் அப்படிப்பட்டதுதான். 1878இல் கன்னிங்ஹாம், எல்லிஸ் என்ற இரண்டு தோட்டக்காரர்கள் மாநிலத்தின் கைதிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். 2018இல் பாடசாலைக் கட்டிடமொன்றுக்காக நிலத்தைத் தோண்டியபோது 95 பேரின் எலும்புகள் வெளிவந்தன. மிக இளையவருக்குப் பதினான்கு வயது இருக்கலாம் என்றார்கள்.

எமக்கு இது புதிய கதையல்ல. 1990இல் யாழ்தேவி நின்றபின் வடக்கின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டு இரு தரப்பினதும் பதுங்குகுழிகளுக்குப் போயின. குழி வெட்டப் போன சனத்திடம் 'விருப்பமா' என்று கேட்டவர் யார்? 'எல்லோரும் வரவேண்டும்' என்று சொல்லப்பட்ட இடத்தில் வருகிறவன் தொண்டனா? எந்தக் கொடியின் கீழ் கேட்டாலும், மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகமுடியாத இடத்தில் கொடுக்கப்படுவது கொடை ஆகாது. கூலி கிடைத்ததா இல்லையா என்பது இதற்குப் பிறகு வருகிற கேள்வி.

இதற்கு ஒரு மறுப்பு இருக்கிறது, அதைச் சுலபமாகத் தள்ளமுடியவில்லை. ஒஸ்ரின் தொண்டனால் மாட்டேன் என்று சொல்லமுடிவது எதனால்? நேரமும் வயிற்றுக்குச் சோறும் அவனிடம் உண்டு. பகலில் பெற்றோல் நிலையத்திலும் இரவில் உணவகத்திலும் நிற்கிற எங்கள் ஆட்களிடம் கொடுப்பதற்குச் சனிக்கிழமை கிடையாது. அப்படியானால் சுதந்திரமான கொடை என்பதே வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கா? ஓரளவுக்கு ஆம் என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. அதற்காகக் கொடையும் பறிப்பும் ஒன்றாகிவிடாது. இந்த நாட்டுப் பாரம்பரிய ரயில் நிலையங்களில் இயந்திரத்தின் பிறந்த வருடத்தை எழுதி வைக்கிறார்கள். பாதை போட்டது யார், எந்த நிபந்தனையில் என்பதையும் அதே பலகையில், அதே அளவு எழுத்தில் எழுதட்டும். சனிக்கிழமை வேலைகளில் அதுவும் ஒன்றாக இருக்கட்டும்.

சட்டப்படி ஒவ்வொரு கொதிகலனுக்கும் தகட்டின் தடிப்பு, தாங்கு ஆணிகளின் அளவு எல்லாம் குறித்த பதிவேடு இருக்கவேண்டும். அந்த 95 பேரையும் 2019இல் அதே இடத்தில் பெயரில்லாமல் திரும்பவும் புதைத்தார்கள்.