திருச்சுழியலும் அறிவின் வகையும்



‘அறிதல்’ என்னுஞ் சொல் ஒன்றேயாயினும் அது குறிக்கும் பொருள் ஒன்றன்று. அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, குண்டாற்றங்கரையில் விளங்குந் திருச்சுழியலை வழிபடச் செல்வோர், ஆண்டிற் பெரும்பகுதியும் மணலாகவே கிடக்கும் அவ்வாற்றைக் காண்பர். கண்டு, ‘ஈண்டு நீரில்லை’ என்று மீள்வர். வறண்ட நிலத்து வாழ்வோரோ அத்தகைய மணலை அகழ்ந்து ஊற்றுநீர் முகப்பர். இருவரும் ஆற்றை அறிந்தவரே. ஆயினும் முன்னையோர் அறிவு நீர்வேட்கையைத் தீர்த்திலது.

ஒரு பொருளை அறிதலே இங்ஙனமாயின், ஒருவரை அறிதல் எத்தன்மைத்து? இதற்கு அத்தலத்தொடு பொருந்திய வரலாறே சான்றாம்.

சேரமான் பெருமாள் நாயனார், எவ்வுயிருங் கழறுவனவற்றை அறியும் ஆற்றல் பெற்றமையாற் கழறிற்றறிவார் எனப்பட்டார். அத்தகையாரும் நம்பியாரூரரைத் தம் ஆற்றலால் அறிந்திலர். நாடோறும் பூசைமுடிவிற் கேட்குந் திருச்சிலம்போசை ஒருநாட் கேளாதாக, உயிர்விடத் துணிந்தார். தில்லையில் வன்றொண்டன் பாடலைக் கேட்டிருந்தமையால் தாழ்த்தோமென இறைவனே அறிவித்த பின்னரே அறிந்தார். கேட்ட அளவில் அமைந்தாரல்லர். தில்லையும் ஆரூரும் நோக்கிப் புறப்பட்டார். கேள்வி காட்சியாயிற்று, காட்சி கேண்மையாயிற்று.

அத்தோழர் இருவரும் பாண்டிநாட்டுத் தலங்களை வணங்கி வருங்காலத்துத் திருச்சுழியலை அடைந்தனர். ஆண்டுத் திருமேனிநாதரைச் சுந்தரர் பாடிய பதிகம் 7-ஆந் திருமுறையில் உள்ளது. அவர் துயில்கையில், இறைவன் காளைவடிவினனாய்ச் செண்டேந்தித் தோன்றித் தான் உறைவது கானப்பேர் என்று உணர்த்தியருளினான் என்பது, 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் அருளிய பெரியபுராணத்தால் அறியப்படும். நாடிச்சென்ற கண்ணும் பாடிய நாவும் ஓய்ந்த பொழுதிலே, அறியப்படுவோனே அறிவிப்போனாய் வந்தான். விழித்தெழுந்த ஆரூரர் அக்கனவின் பொருளை ஆராய்ந்து அமர்ந்திருந்தாரல்லர். சேரர்பிரானுக்குக் கூறிக் கானப்பேர்க்கு நடந்தார்.

மெய்கண்டார் 12 சூத்திரங்களால் அருளிய சிவஞானபோதத்தின் 6-ஆஞ் சூத்திரம் இந்நுட்பத்தை வரையறுக்கும். சுட்டி அறியப்படுவது அழியும் பொருள், எவ்வாற்றானும் அறியப்படாதது இல்பொருள், சிவமோ இவ்விரண்டுமன்று. ஆதலாற் கருவிகளால் வரும் பாசஞானமும், ‘யானே அறிவேன்’ எனத் தருக்கும் பசுஞானமும் அதனை எட்டா. கண் காணுதற்கு உயிர் உடனின்று காட்டுமாறுபோல, உயிர் அறிதற்கு இறைவன் உடனின்று காட்டுவன். அங்ஙனம் அவன் காட்டக் காண்பதே பதிஞானமாம்.

நாம் சூத்திரமும் உரையும் பயின்றுள்ளோம். பிறர் ஐயத்திற்கு விடையுங் கூறுகின்றோம். ஆயினும், மணலைக் கண்டு மீண்ட வழிப்போக்கரோடு நாமும் எண்ணப்படுவோமோ என்னும் அச்சம் நமக்கு வேண்டாவா? நூலறிவை இகழ்ந்து இது கூறினோமல்லோம். கேள்வி இன்றேற் சேரர்பிரான் ஆரூர்க்குச் சென்றிரார். கேட்டபின் புறப்பட்டோமா என்பதே வினா. சிவனை எத்துணை அறிந்துள்ளோம் என அளத்தலினும், நம்மை என்றும் அறிந்து உடனிற்போன் காட்டுந் திசையில் எழுந்து நடக்கின்றோமா என நாடோறும் நம்மையே வினவுதல் நன்று.

துணைமாலையம்மை பாகன் அந்நடையினை நமக்கும் அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.