சங்கம் கூட்டுமோ, பிரிக்குமோ?



ஓரினத்தார் தம் பெயராற் சங்கங் கூடுதல் ஒற்றுமைக்கு ஏதுவோ, பிரிவினைக்கு ஏதுவோ என்னும் வினாவுக்கு நம் மலைநாடே சான்று பகரும்.

1939 இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றிற்று. சாதியானும் லயத்தானும் பிரிந்து கிடந்த தோட்ட மக்கள் அதனால் ஒரு குரலாயினர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கானோரை நாடற்றோராக்கியபோது, முறையிட அவர்க்கு வாயாயிருந்தது அச்சபையே. பின்னர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் எனப் பெயர் பூண்ட அதுவே 1956 இல் இரண்டாய்ப் பிளந்தது. நாளடைவிற் சங்கங்கள் பலவாயின. யான் கண்ட ஒரு தோட்டத்தில், எச்சங்கத்தார் வடத்தை முதலிற் பற்றுவது என்னும் வழக்கால் அம்மன் தேர் உச்சிப்பொழுதுவரை நிலையிலேயே நின்றது.

ஆயிற் சங்கமே தீதோ? அன்று. சுந்தரமூர்த்தி நாயனார் அருளிய திருத்தொண்டத்தொகையை நோக்குமின். அதன்கண் தனியடியாரேயன்றித் தொகையடியார் ஒன்பது கூட்டத்தாரும் போற்றப்பெறுவர். தில்லைவாழந்தணர் ஒரு கூட்டம்; திருவாரூர்ப் பிறந்தார் ஒரு கூட்டம். ஊரும் பிறப்பும் பற்றிய கூட்டங்களையும் நாயனார் விலக்கினாரல்லர். இறுதிக் கூட்டமோ, தமிழ்நாட்டின் எல்லைக்கும் அக்காலத்தின் எல்லைக்கும் அப்பால் இறைவனடி சார்ந்தாரெல்லாம் அடங்கியது. உள்ளாரை எண்ணியபின் புறத்தார்க்கும் வாயில் திறந்துவைத்தது அத்தொகை.

வாயில் திறந்த சங்கம் கூட்டும். அடைத்த சங்கம் பிரிக்கும். ஆதலின் ஆசிரியர்காள், மாணாக்கனை "உன் தந்தை எச்சங்கத்தார்?" என்று ஒருகாலும் வினவாதிருமின். ஒரே வாங்கில் அனைவரையும் இருத்துமின். நாளை அத்தேர்வடத்தைப் பற்றும் கைகள் அவர்களுடையனவே.

திருவருள் துணைநிற்க.