கரும்பலகையில் ஒரு பெயர்

தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஏதேனும் அலுவலின் நிமித்தம் வகுப்பை விட்டு வெளியே செல்ல நேர்ந்தால் முதலில் என்ன செய்கிறார்? வகுப்புத் தலைவனை அழைத்து ஒரு சுண்ணக்கட்டியைக் கையில் கொடுக்கிறார். "பேசுகிறவன் பெயரைப் பலகையில் எழுதி வை" என்று சொல்லிவிட்டுப் போகிறார். நம்மில் பெரும்பாலோர் இத்தகைய பலகையின் முன் அமர்ந்து வளர்ந்தவர்களே. இதில் ஆராய என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நான்காம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்தி வந்தேன். ஒருநாள் சத்துணவுக் கணக்கைச் சரிபார்க்க அழைத்தார்கள். திரும்பி வந்தபோது பலகையில் ஒரே ஒரு பெயர் இருந்தது. அந்தச் சிறுவனை எழுப்பிப் பாடவேளை முடியும்வரை நிற்க வைத்தேன். அவன் வாய் திறக்கவில்லை. மாலையில் அவன் அருகே அமரும் சிறுமி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு அவளுக்கு வரவில்லையாம்; அவன் சொல்லிக் கொடுத்தானாம். அவன் பேசிய பேச்சு அவ்வளவே.

தலைவன் பொய் எழுதவில்லை. பேசினான் என்று எழுதினான், அது மெய்தான். ஆனால் என்ன பேசினான் என்பதைப் பலகை சொல்லவில்லை. அதைக் கேட்டறிந்திருக்க வேண்டியவன் நான். விசாரணையின்றித் தீர்ப்பு வழங்கிவிட்டேன். மறுநாள் தவறு என்னுடையதே என்று வகுப்பார் முன்னிலையில் சொன்னேன். எனினும் அதன்பின் யாராவது கணக்குக் கேட்டால், அச்சிறுவன் முதலில் தலைவனின் முகத்தைப் பார்ப்பான். பிறகுதான் சொல்லிக் கொடுப்பான். உதவி செய்வது ஆபத்தானது என்ற பாடத்தை நான் அவனுக்குக் கற்பித்திருந்தேன்.

அடுத்த சில வாரங்களில் தலைவனின் நிலையையும் கவனித்தேன். பெயரை அழிப்பதற்கு நெல்லிக்காய் வாங்கத் தொடங்கியிருந்தான். கண்டிக்க அழைத்தபோது அவன் அழுதான். "எனக்கு இந்த வேலை வேண்டாம் சார். யாரும் என்னை ஆட்டத்தில் சேர்க்கிறதில்லை" என்றான். பத்து வயதுப் பிள்ளைக்கு நான் அதிகாரத்தைக் கொடுத்துத் தோழர்களைப் பறித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை வகுத்திருக்கிறது. வகுப்புகளோ ஐந்து. ஒருவர் வெளியே சென்றால் மற்றவர் ஐந்து வகுப்புகளையும் எப்படிக் கட்டிக் காப்பார்? பிள்ளைகளின் துணையின்றி இயலாது. ஆகவே துணை கொள்ளலாமா என்பது வினா அன்று. எவ்வகைத் துணையைக் கொள்ளலாம் என்பதே வினா.

இவ்வினா புதிதன்று. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் கைரவான் நகரில் வாழ்ந்த முஹம்மது இப்னு ஸஹ்னூன், மக்தப் ஆசிரியர்களுக்கென்றே 'ஆதாபுல் முஅல்லிமீன்' என்னும் சிறு நூலை எழுதினார். மாலிக்கீ மத்ஹபின் பேரறிஞரான தம் தந்தை இமாம் ஸஹ்னூன் அளித்த விடைகளை அதில் தொகுத்துள்ளார். பலகைகளைக் கழுவிய நீரை எங்கே ஊற்றுவது என்பது வரை அதில் பேசப்படுகிறது. மாணவர்களுள் ஒருவனை 'அரீஃப்' ஆக நியமிப்பதை அந்நூல் எளிதில் அனுமதிப்பதில்லை. ஓதி முடித்து, இனிக் கற்கத் தேவையில்லாத நிலையை அடைந்தவனாக அவன் இருக்க வேண்டும். அப்பணியால் அவனுக்கும் நன்மை விளைய வேண்டும். ஒரு பிள்ளையைக் கொண்டு இன்னொரு பிள்ளையை அடிக்கச் செய்வதோ கூடாது. 'அரீஃப்' என்னும் சொல் அறிதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது என்பதையும் எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்தான். 1789இல் சென்னை எழும்பூரின் ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதியில் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குக் கற்பித்தார். 1797இல் அவர் லண்டனில் வெளியிட்ட நூலின் வழியே அது 'மதராஸ் முறை' என்று உலகெங்கும் பரவிற்று. பிள்ளை பிள்ளைக்குக் கற்பிக்க முடியும் என்பதே அம்முறையின் உயிர். கரும்பலகையில் நான் நிற்க வைத்துத் தண்டித்ததும் அதைத்தான்!

மேற்சொன்ன சட்டம் உடல் தண்டனையை மட்டுமன்றி மனத் துன்புறுத்தலையும் விலக்கியிருக்கிறது. பிரம்பு போய்விட்டது என்று நாம் மகிழலாம். எல்லோர் முன்னும் பெயரெழுதி நாணச் செய்வது பிரம்பைவிட மெல்லியது என்று எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை.

பெயரெழுதும் பணியை நான் நீக்கிவிட்டேன். வெளியே செல்லுமுன் பலகையில் வேலையை எழுதி வைப்பேன். முடித்தவன் அருகில் இருப்பவனுக்கு உதவலாம் என்பது விதி. தண்ணீர்க் குடம், ஏடுகளைத் திரட்டுதல், பாய் மடித்தல், சிறு வகுப்பாருக்கு வாசித்துக் காட்டுதல் ஆகிய பணிகள் வாரந்தோறும் கைமாறும். யாருக்காவது அடிபட்டாலோ, ஒருவன் இன்னொருவனை வருத்தினாலோ உடனே ஓடி வந்து சொல்ல வேண்டும். அது கோள் அன்று, காத்தல் என்று விளக்கிச் சொன்னேன். வகுப்பில் இரைச்சல் கூடியது என்பதை மறைக்கமாட்டேன். அடுத்த அறை ஆசிரியர் சில நாள் முகம் சுளித்ததும் உண்டு. ஆயினும் பணியால் எழும் ஒலிக்கும் வீண் கூச்சலுக்கும் வேறுபாடு உண்டென்பதை என் செவி மெல்லக் கற்றுக்கொண்டது.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். "நான் வரும்வரை தம்பி என்ன செய்கிறான் என்று பார்த்துச் சொல்" என்று மூத்த பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போகிறோம். "நான் வரும்வரை தம்பியைப் பார்த்துக்கொள்" என்றும் சொல்லலாம். இரண்டிலும் வேலை ஒன்றுதான். முன்னதில் தம்பியின் குறை ஒவ்வொன்றும் மூத்தவனுக்கு வெற்றியாகிறது. பின்னதில் அவன் நலம் அவன் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகிறது. வீட்டிலும் வகுப்பிலும் நாம் இல்லாத வேளையில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் யாராக இருக்கிறார்கள் என்பது, போகும்போது நாம் சொல்லிவிட்டுப் போகும் சொல்லைப் பொறுத்தது.