யாத்திரையில் அகிம்சை

இருபது தீர்த்தங்கரர்கள் வீடுபேறு எய்திய திருத்தலம் சம்மேத சிகரம். ஜார்க்கண்ட் மாநிலத்தில் சுமார் 4,480 அடி உயர்ந்து நிற்கும் அம்மலையை வாழ்நாளில் ஒருமுறையேனும் வணங்கி வரவேண்டும் என்பது நம் இல்லங்கள்தோறும் உள்ள வேட்கை. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு அம்மலைப் பகுதியைச் சூழல் உணர்திறன் மண்டலமாக அறிவித்து, சூழல் சுற்றுலாவுக்கும் அங்கே இடமளித்தது. மலையின் புனிதம் கெடும் என அஞ்சி, 2022-ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் பல நகரங்களில் சமணப் பெருமக்கள் ஊர்வலம் நடத்தினர். 2023 ஜனவரி 5-ஆம் நாள், சுற்றுலாவுக்கு இடமளித்த விதிகளை அரசு நிறுத்தி வைத்தது.

அக்கோரிக்கை நியாயமானதே. ஆயினும் அதனுள் ஒரு வினா அடங்கியுள்ளது. சுற்றுலாப் பயணியால் மலைக்குக் கேடு. யாத்திரிகரால் கேடில்லை என்று எதனால் கூறுகிறோம்? பக்தி ஒன்றே இவ்வேறுபாட்டைத் தந்துவிடுமா?

"கருத்தே வினைக்கு வித்து, பக்தியுடன் செல்வோர் கருத்து தூயது, ஆகவே அவர்க்குக் குற்றமில்லை" என்பர் சிலர். கருத்தின் முதன்மையை நம் ஆகமங்கள் மறுக்கவில்லை. எனினும் தத்வார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்குமிடத்து, பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, அதன் மூலமாக வைக்கிறது. கொல்லும் எண்ணம் இல்லாமை மட்டும் போதாது. கொல்லாதிருக்கும் கவனமும் வேண்டும். காட்டில் எறிந்த பிளாஸ்டிக் பையைத் தின்று ஒரு மான் மடியுமாயின், எறிந்தவர் நாவில் நமஸ்கார மந்திரம் இருந்தது என்பது அதற்கு விடையாகாது.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இன்னும் தெளிவாக உரைக்கிறார். பயனின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரை வீணாக்குதல், தீ மூட்டுதல், செடிகொடிகளை ஒடித்தல் ஆகியவற்றோடு, வீணே திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் சேர்த்துப் 'பிரமாதசரியை' என்கிறார். அனர்த்ததண்ட விரதம் பூண்ட இல்லறத்தார் விலக்க வேண்டியவை இவை. திக்விரதமோ, செல்லும் திசைகளுக்கே எல்லை வகுக்கச் சொல்கிறது.

2002-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சூழல் சுற்றுலா ஆண்டாகக் கொண்டாடியது. இயற்கையைக் காத்தலும், அவ்விடத்தில் வாழும் மக்களுக்கு நன்மை செய்தலும் அதன் தலையாய கொள்கைகள். முன்னது நம் விரதங்களில் அடங்கியதே. பின்னதைக் குறித்துச் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். நாம் சிகர்ஜி எனப் போற்றும் மலையைச் சந்தால் பழங்குடியினர் 'மராங் புரு' எனத் தெய்வமாக வணங்குகின்றனர். அநேகாந்தம் பேசும் நாம் அவர்தம் பக்தியை மதித்தல் கடன். முதியோரை டோலியில் சுமந்து ஏறுவோரிடம் கூலி பேசுகையில், அவர் தோள் வலியை நினைத்தலும் அகிம்சையே.

செய்யத்தக்கவை அரியன அல்ல. குடிநீருக்கு நம் பாத்திரத்தையே கொண்டு செல்லலாம். கொண்டுசென்ற பொருளின் உறையையும் திரும்பக் கொண்டு வரலாம். மழைக்காலத்தில் சிற்றுயிர்கள் பெருகுவதால் முனிவர்கள் நான்கு திங்கள் ஓரிடத்தே தங்குகின்றனர். இல்லறத்தாரும் அந்நாட்களில் மலைப்பயணத்தைத் தவிர்க்கலாம். பயணத்தின் ஆரவாரத்தைக் குறைத்து, தங்கும் நாளையும் தியானத்தையும் கூட்டலாம்.

தமிழகத்து மலைகளில் நம் முனிவர்கள் நோற்ற கற்படுக்கைகள் சிலவற்றில், வந்து சென்றோர் தம் பெயரைக் கீறிச் சிதைத்திருக்கக் காண்கிறோம், மனம் வருந்துகிறோம். அதே கண்கொண்டு, நாம் வணங்கி வந்த மலையில் நாம் விட்டுவந்த சுவட்டையும் நோக்குவோமாக. யாத்திரிகர் என்னும் பெயரைப் பயணச்சீட்டு தருவதில்லை. நம் ஒழுக்கமே தரவேண்டும்.